எல்க் ஃபோர்க் சேவல்கள் தோற்ற கோடை

எல்க் ஃபோர்க்கில் சொந்தமாக ஒரு பேஸ்பால் அணி இருக்கவேண்டும் என்று முதலில் ஆசைப்பட்டவர் ஓட்டோ போல்மன். கோழிக்குஞ்சு பொரிக்கும் பண்ணை வைத்திருந்தார். நெப்ராஸ்காவின் எங்கள் மூலையில் எல்லா ஊர்களுக்கும் அணி இருந்தது. பக்கத்து ஊரான கெல்லரிடம் அணியும் இருந்தது, கோப்பைகளும் இருந்தன, அவற்றைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கும் வாயும் இருந்தது. அந்த வாயைத்தான் போல்மனால் தாங்க முடியவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதாம் ஆண்டு வசந்தத்தில் தன் சோளக்கொல்லை ஒன்றைச் சமன்படுத்தி மைதானமாக்கினார். பலகை அடித்து இருக்கை போட்டார். பண்ணையின் சின்னமான சிவப்புச் சேவலை எங்கள் சட்டை நெஞ்சில் தைக்கவைத்து, அணிக்குச் 'சேவல்கள்' என்றே பெயரும் வைத்துவிட்டார்.

முதல் ஆட்டத்தன்று பள்ளிக்கூட வாத்தியக் குழு முன்னே போக, நாங்கள் லாரியில் நின்று தெருத்தெருவாகக் கையசைத்துக்கொண்டு போனோம். செக் நாட்டு வம்சாவளியினர் மன்றத்துப் பெண்கள் பிளம் பழம் வைத்த கொலாச்சி ரொட்டி சுட்டுக் கூடை கூடையாகக் கொண்டுவந்தார்கள். பாதிரியார் மட்டையைக்கூட ஆசீர்வதித்தார். பிறகு ஆட்டம் தொடங்கியது. பதினாறுக்கு இரண்டு என்று தோற்றோம்.

நான் பென்னோ. வெண்ணெய் ஆலையில் வேலை. மைதானத்தின் வலது கோடியில் நிற்பவன். பந்து அதிகம் வராத இடம் என்று பார்த்துத்தான் என்னை அங்கே நிறுத்தினார்கள். அந்த ஆண்டு அங்கேயும் நிறைய வந்தது.

எங்களுக்குத் தலைவர் எமில் வாந்த்ரா. முப்பத்தைந்து வயது. பெருநகரங்களின் இரண்டாம் நிலை அணிகளில் ஆடிவிட்டு, முழங்கால் மக்கர் செய்யத் தொடங்கியதும் ஊருக்குத் திரும்பி வந்தவர். கேட்சர். அடிப்பவனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிப்பது கேட்சரின் வேலை. அடுத்து என்ன பந்து வீசவேண்டும் என்று தொடைகளுக்கு நடுவே விரல்களால் சைகை காட்டுவதும் அவர்தான். ஒரு விரல் என்றால் வேகப்பந்து, இரண்டு என்றால் வளையும் பந்து. பந்து வீசும் கிளீட் அதைப் பார்த்து வீசுவான். எதிராளிக்கு அது தெரியக்கூடாது. தெரிந்துவிட்டால் பந்து வீசுவதும் ஒன்றுதான், தட்டில் வைத்து நீட்டுவதும் ஒன்றுதான்.

மே மாதம் முழுக்கத் தோற்றோம். புது அணி, பழகிவிடும் என்றார்கள். ஜூனில் கெல்லர்காரர்கள் எங்கள் மைதானத்துக்கு வந்தார்கள். அடித்தவன் ஓடிப்போய்த் தொடவேண்டிய முதல் பேஸுக்குப் பக்கத்தில் நின்று தங்கள் ஆட்களுக்குக் குரல் கொடுக்க மெட்ஸ்கர் என்று ஒரு குண்டு மனிதர் வந்திருந்தார். அவர்கள் ஊரில் குழாய் ரிப்பேர் செய்பவர். தொண்டையும் குழாய் மாதிரிதான்.

"அடி ராசா! விடாத ராசா!" என்று ஒரு பந்துக்குக் கத்துவார். அடுத்ததற்கு, "அடி கண்ணு! பாத்து அடி கண்ணு!" என்பார். நடுவில் எங்களைப் பார்த்து, "கொக்கரக்கோ" என்று கூவுவார். கெல்லர் கூட்டம் மொத்தமும் சேர்ந்து கூவும்.

ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஐந்தாவது இன்னிங்ஸில்தான் எமிலுக்கு உறைத்தது. ராசா என்றால் வேகப்பந்து வருகிறது. கண்ணு என்றால் வளையும் பந்து. ஒரு தடவைகூடத் தப்பவில்லை. உடனே கிளீட்டையும் நடுவில் நிற்கும் இரண்டு பேரையும் கூப்பிட்டுச் சைகையை மாற்றினார். வரிசையாகக் காட்டும் சைகைகளில் மூன்றாவதுதான் கணக்கு என்று சொல்லிவிட்டு வந்து குந்தினார். மறுபந்துக்கே, "அடி கண்ணு!" என்றார் மெட்ஸ்கர். வளையும் பந்துதான். அது என் தலைக்கு மேலே பறந்து சோளத்துக்குள் போய் விழுந்தது.

ஆட்டம் முடிந்ததும் எமில் எங்களை பண்ணையின் முட்டை தரம் பிரிக்கும் கொட்டகைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். அங்கேதான் உடை மாற்றுவோம்.

"மாத்தின அடுத்த நிமிஷமே அவனுங்களுக்குத் தெரியுது," என்றார். "இது கண்ணால பாத்துக் கண்டுபிடிக்கிற விஷயம் இல்ல. நம்மள்ல ஒருத்தன் சொல்றான்."

கிளீட் மெதுவாகத் தலையைத் திருப்பி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். அந்தப் பார்வை அன்றைக்குத் தொடங்கியது. கோடை முடியும்வரை எங்களை விடவில்லை.

கெல்லர்காரர்கள் தங்கள் வித்தையை மற்ற ஊர்களுக்கும் தாராளமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். எங்கே போனாலும் ராசா, கண்ணு. எமில் வாரத்துக்கு ஒரு தடவை சைகையை மாற்றினார். மாற்றியும் பயனில்லை. எங்கள் பெஞ்சில் யாராவது தொப்பியைச் சரிசெய்தால் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மூக்கைச் சொறியப் பயந்தோம். ஆல்வின் என்று ஒருவன் எந்நேரமும் புகையிலை மென்று துப்புவான். "இடது பக்கம் துப்புனா என்ன அர்த்தம், வலது பக்கம் துப்புனா என்ன அர்த்தம்?" என்று கேட்டு அவனோடு கிளீட் கைகலப்புக்கே போய்விட்டான். என்னிடமும் வந்தான்.

"பென்னோ, உன் சித்தி பொண்ண கெல்லர்லதான கட்டிக்குடுத்துருக்கு?"

"ஆமா. அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. கேட்டேன்."

அதற்குப் பிறகு சித்தி மகள் குழந்தை பெற்றபோதுகூட நான் கெல்லர் பக்கம் போகவில்லை.

யோசித்துப் பார்த்தால், சைகை எல்லோருக்கும் தெரியாது. எமில், கிளீட், பிறகு நடுவில் நிற்கும் இரண்டு பேர். என்ன பந்து என்று தெரிந்தால்தான் அவர்கள் ஓரடி இப்படியோ அப்படியோ தள்ளி நிற்க முடியும். இரண்டாம் பேஸில் நின்ற வெர்ன், போல்மனின் அக்காள் மகன். அவனைச் சந்தேகப்பட்டால் மைதானமே மிஞ்சாது. அவனுக்கு வலது பக்கம் நின்றவன் ஓரின் டேஸ்.

ஓரின் கெல்லரில் பிறந்தவன். அவன் அப்பா அங்கே பெட்ரோல் பங்க் வைத்திருந்தார். சொந்த ஊர் அணியில் இடம் கிடைக்காமல் எங்களிடம் வந்தவன். போல்மனின் பண்ணையில் வேலை, பண்ணைக்கு மேலேயே ஓர் அறை. ஒல்லியான பையன், இருபத்திரண்டு வயது, பந்து தரையில் எப்படி வந்தாலும் குனிந்து எடுத்துவிடுவான். உண்மையைச் சொன்னால், எமிலை விட்டால் எங்களில் பேஸ்பால் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். இப்போது அதுவே அவனுக்கு எதிராகப் பேசியது. இத்தனை திறமை உள்ளவனைக் கெல்லர்காரன் ஏன் விட்டான்? வேண்டுமென்றே அனுப்பி வைத்திருக்கிறானோ?

ஒவ்வொரு பந்துக்கு முன்னும் அவன் வலது கையைத் தொடையில் துடைப்பான். எமில் அதைக் கவனிக்க ஆரம்பித்தார். ஒரு தடவை துடைக்கிறானா, இரண்டு தடவையா? ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் முடிந்ததும் கெல்லருக்குப் போகிறான். யாரைப் பார்க்க? அவன் அப்பாவின் பங்க்கில் உட்கார்ந்துதான் மெட்ஸ்கர் சீட்டாடுவாராம். பெர்னிஸின் காப்பிக்கடையில் இதையெல்லாம் யாரோ சொன்னார்கள், யாரோ கேட்டார்கள். ஜூலையில் ஊருக்கே தெரிந்த கதையாகிவிட்டது. ஓரினுக்கு மட்டும் தெரியாது.

எமில் ஒரு சோதனை வைத்தார். கடைசியாகக் காட்டும் சைகைதான் கணக்கு என்று கிளீட்டிடமும் வெர்னிடமும் சொன்னார். முதலில் காட்டும் சைகைதான் கணக்கு என்று ஓரினிடம் சொன்னார்.

அன்று ஆல்டன் ஊரோடு ஆட்டம். காலையிலிருந்து தூறல், ஜூலை மாதத்திலும் குளிர் எலும்பைத் துளைத்தது. எமிலின் மனைவி லுட்மிலா அவர் முழங்காலைக் கம்பளித் துணியால் இறுக்கிக் கட்டி அனுப்பியிருந்தாள். மடக்கவே முடியாமல் வலது காலை நீட்டி வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தார்.

ஆல்டன் ஆள் முதல் பேஸ் பக்கம் நின்று, "கண்ணு! கண்ணு!" என்று கத்திக்கொண்டே இருந்தார். கிளீட் வேகப்பந்தாகப் போட்டுத் தள்ளினான். வளையும் பந்துக்குக் காத்திருந்தவர்கள் காற்றில் மட்டையை வீசிவிட்டுத் தங்கள் ஆளை முறைத்தார்கள். ஐந்துக்கு மூன்று என்று ஜெயித்தோம். எங்கள் முதல் வெற்றி. போல்மன் மழையில் நனைந்தபடியே ஓடிவந்து எல்லோரையும் கட்டிப்பிடித்தார். யாரோ கோழிக்கூண்டைத் திறந்துவிட்டு, மைதானம் முழுக்கக் கோழிகள் ஓடின.

எமில் சிரிக்கவில்லை. கொட்டகையில் எல்லோரும் வந்து சேரும்வரை காத்திருந்தார்.

"ஓரின், உக்காரு."

"எதுக்கு? செயிச்சிருக்கோம், உன் மூஞ்சி ஏன் செத்த வீடு மாதிரி இருக்கு?"

"உனக்கு மட்டும் இன்னைக்கு வேற சைகை சொல்லிருந்தேன்."

ஓரினுக்குப் புரியச் சற்று நேரமானது. "அதான் பந்து ஒரு பக்கம் போக, நான் ஒரு பக்கம் நின்னேனா? ஏன், வெளையாட்டுக்கா?"

"உனக்குத் தப்பாச் சொன்ன அன்னைக்குத்தான் அவனுங்களுக்கும் தப்பாப் போயிருக்கு. இதுக்கு என்ன சொல்ற?"

அவன் எங்களைப் பார்த்தான். கிளீட் கைகளைக் கட்டிக்கொண்டு கதவருகே நின்றான், ஓரின் ஓடிவிடுவான் என்று நினைத்தவன்போல.

"ஞாயித்துக்கெழமையானா கெல்லருக்கு ஓடுறியே, யாரப் பாக்க?" என்றான் கிளீட்.

"எங்கம்மாவ. அது கையால சூப்பு குடிக்க. வேணும்னா வந்து கேளு. சூப்புல என்னென்ன போடும்னும் சேத்துக் கேளு."

"மெட்ஸ்கர் உங்க பங்க்லதான சீட்டாடுறான்?"

"ஊர்ல பாதிப் பேரு அங்கதான்டா சீட்டாடுறான்! எங்கப்பா எல்லாருக்கும் பெட்ரோல் போடுவாரு. உங்க பாதிரியாருக்குக்கூடப் போட்டுருக்காரு, அவரையும் புடிச்சு விசாரிங்க!"

யாரும் சிரிக்கவில்லை. எமில் தரையைப் பார்த்தபடி, "சட்டையைக் கழட்டிக் குடுத்துரு," என்றார்.

ஓரின் பொத்தான்களைக் கழற்றினான். சட்டையை மடித்து முட்டைப் பெட்டியின்மேல் வைத்துவிட்டு, பனியனோடு மழையில் இறங்கிப் போனான். மறுநாள் பண்ணை வேலையிலிருந்தும் போல்மன் அவனை நிறுத்திவிட்டார்.

நிம்மதியாக இருந்தது என்றுதான் சொல்லவேண்டும். இனி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை. பெஞ்சில் மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்டது. ஆல்வினும் கிளீட்டும் புகையிலையைப் பங்குபோட்டுக்கொண்டார்கள். அந்த வாரம் கொளுத்திய வெயிலில் அடுத்த ஆட்டத்துக்குப் போனோம். முதல் இன்னிங்ஸ், இரண்டாவது பந்து.

"அடி கண்ணு!"

வளையும் பந்து. அடித்த அடியில் இரண்டாம் பேஸுக்கு மேலே பறந்து போனது.

கிளீட் பந்து வீசும் மேட்டில் நின்றபடி எங்களைத் திரும்பிப் பார்த்தான். நாங்கள் எமிலைப் பார்த்தோம்.

இரண்டு பேர் என்றார்கள் இப்போது. ஓரின் தனியாகச் செய்திருக்க முடியாது, உள்ளே கூட்டாளி இருக்கிறான். எமில் கிளீட்டை ஓரமாகக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். கிளீட் கையுறையைத் தரையில் வீசினான்.

"என்னையவா கேக்குற? அடி வாங்குறது நானு! பேப்பர்ல பேரு நாறுறது எனக்கு! சைகை காட்டுறது யாரு? நீ. மாத்துறது யாரு? நீ. பெரிய ஊர்லல்லாம் ஆடிட்டு இந்தக் கோழிப் பண்ணைக்கு எதுக்கு வந்தேன்னு நாங்க யாராச்சும் உன்னைக் கேட்டோமா?"

அவன் கோபத்தில் சொன்னது. ஆனால் பலகை இருக்கை வரை அது கேட்டுவிட்டது. அந்த வாரமே பெர்னிஸின் கடையில் எமில் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றது. விலைபோய்விட்டார் என்றார்கள். ஓரினைத் துரத்தியதுகூடத் தன்மேல் சந்தேகம் வராமலிருக்கத்தான் என்றார்கள். ஒருநாள் காலையில் அவர் வீட்டுக் கதவில் கழுத்து முறிந்த சேவல் படம் சாக்கட்டியால் வரையப்பட்டிருந்தது. அதை லுட்மிலா ஈரத்துணியால் துடைப்பதை நான் ஆலைக்குப் போகும் வழியில் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வரைந்தேன் என்று நினைத்திருப்பாள்.

அந்த வீட்டுக்குள் நடந்ததை எமில் பின்னால் என்னிடம் சொன்னார். சமையலறை மேசையில் உட்கார்ந்து புதுச் சைகைகளை எழுதிப் பார்ப்பது அவர் வழக்கம். ஒருநாள் நிமிர்ந்து, "நான் இங்க உக்காந்து யோசிக்கிறத நீ யார்கிட்டயாச்சும் சொன்னியா?" என்று மனைவியைக் கேட்டுவிட்டார்.

லுட்மிலா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"என்ன கேட்ட? இன்னொரு தடவ கேளு."

அவர் எழுதிய தாளை மடித்தார்.

"உன் விரல் ஒண்ணா ரெண்டான்னு எனக்கு என்ன கவலை? உன் முட்டி வீங்கியிருக்கா வத்தியிருக்கான்னுதான் நான் பாக்குறேன். கடைல எவளும் எங்கூடப் பேச மாட்டேங்கிறா. வீட்டுக்கு வந்தா நீயும் இப்படிப் பாக்குற. நாளைக்கு நாயையும் விசாரி."

அன்று அவர் சாப்பாடு வெளித் திண்ணைப் படியில்தான் வைக்கப்பட்டிருந்தது. நாய் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததாம்.

ஆகஸ்டு கடைசியில் கெல்லர் மறுபடி வந்தது. எங்கள் கடைசி ஆட்டம். இருக்கைகள் பாதிகூட நிறையவில்லை. வந்தவர்களும் எமிலைக் கையும் களவுமாகப் பிடிக்க வந்தவர்கள்போலத்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பைனாகுலர் கொண்டுவந்திருந்தார்.

கெல்லர் அணியின் லாரியிலிருந்து ஓரின் டேஸ் இறங்கினான், அவர்களுடைய நீலச் சட்டையோடு. "பாத்தியா! அப்பவே சொன்னேன்ல!" என்று இருக்கைகளில் சத்தம் எழுந்தது. யாரோ அழுகிய தக்காளி ஒன்றை வீசினார்கள். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இரண்டாவது இன்னிங்ஸில் அவன் அடிக்க வந்தான். எமில் அவனுக்குப் பின்னால் குந்தினார்.

"அடி ராசா!" என்றார் மெட்ஸ்கர். வேகப்பந்து வந்தது. ஓரின் மட்டையை அசைக்கவேயில்லை. அம்பயர் ஸ்டிரைக் என்றார், அப்படி மூன்று ஆனால் அவுட்.

எமில் பந்தைக் கிளீட்டிடம் எறிந்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்: "இப்ப யாருடா சொல்றான் உங்களுக்கு? எங்க ஆளு யாரு? ஒரே ஒரு பேரு சொல்லு, போதும்."

ஓரின் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான் என்பார் எமில்.

"உனக்கு நெசமாவே தெரியாதா?"

"தெரிஞ்சா உன்கிட்ட ஏன் கெஞ்சுறேன்?"

"உன் வலது கால்தான்யா. வளையிற பந்துக்குச் சைகை காட்டுனதும் குதிகாலை வெளிய தள்ளுற. ஒவ்வொரு தடவையும். மெட்ஸ்கர் நிக்கிற எடத்துலேர்ந்து பாத்தா பளிச்சுன்னு தெரியுது. இவங்ககிட்ட வந்து சேந்த மொத நாளே சொல்லிச் சிரிச்சாங்க."

"பேச்ச நிறுத்துங்கப்பா," என்றார் அம்பயர்.

எமில் நம்பவில்லை. அந்த நிலைமையில் அவர் எதையும் நம்பக்கூடியவராக இல்லை. இதுவும் ஒரு தந்திரம், தன் கவனத்தைக் கலைக்கப் பார்க்கிறான் என்றுதான் நினைத்தார். ஓரின் அடுத்த பந்தை உயரே அடித்து, ஆல்வின் பிடித்து, அவுட்டாகிப் போனான். போகும்போதும் ஒரு தடவை திரும்பி எமிலின் காலைப் பார்த்தான். அந்தப் பார்வைதான் அவரை உறுத்தியது.

அடுத்து வந்தவன் கெல்லரிலேயே பலசாலி. எமில் ஒரு விரல் காட்டினார், வேகப்பந்து. காட்டிவிட்டு, வேண்டுமென்றே வலது குதிகாலை வெளியே தள்ளினார்.

"அடி கண்ணு!" என்று கத்தினார் மெட்ஸ்கர்.

அந்தப் பலசாலி வளையும் பந்துக்குக் காத்து நிற்க, பந்து அவனைக் கடந்து கையுறைக்குள் போய் விழுந்த பிறகுதான் மட்டை சுழன்றது.

எமில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். கிளீட் கையுறையை நீட்டிக்கொண்டு காத்திருந்தான். வளையும் பந்து சில சமயம் தரையில் குத்தும். அதைத் தடுக்க முழங்காலில் விழவேண்டும். வலது முட்டி சட்டென்று மடங்காது என்பதால், கால் தானாகவே முன்கூட்டி இடம் பார்த்து நகர்ந்திருக்கிறது. மழையன்று கம்பளித் துணி கட்டி நீட்டியே வைத்திருந்த கால், ஆல்டன்காரர்களுக்கு ஆட்டம் முழுக்க 'கண்ணு' என்று சொல்லியிருக்கிறது. ஒருவன் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனது அதனால்தான். அந்தக் கோடை முழுக்க நாங்கள் ஒருவர் கையை ஒருவர் பார்த்தோம், வாயைப் பார்த்தோம், ஞாயிற்றுக்கிழமை யார் எங்கே போகிறார்கள் என்று பார்த்தோம். சொந்த கேட்சரின் காலை யார் பார்ப்பார்கள்?

மிச்ச ஆட்டம் முழுக்க எமில் அந்தக் காலால் பொய் சொன்னார். கெல்லர்காரர்கள் திணறினார்கள். மெட்ஸ்கரின் குரல் கம்மிப்போய், ஏழாவது இன்னிங்ஸில் அடியோடு நின்றது. அப்படியும் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். வெர்ன் எறிந்த பந்து முதல் பேஸில் நின்றவன் தலைக்கு மேலே போய் பாதிரியாரின் காரில் பட்டு உருண்டது. அதற்குள் கெல்லர்காரர்கள் இரண்டு பேர் ஓடி வந்து இரண்டு ரன் எடுத்துவிட்டார்கள். எமிலின் கால் ஒழுங்காக இருந்திருந்தாலும் நாங்கள் பெரும்பாலான ஆட்டங்களைத் தோற்றிருப்போம். எங்களுக்கு ஆடத் தெரியாது. அதை அந்தக் கோடையில் ஒருவர்கூடச் சந்தேகிக்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் எமில் நொண்டிக்கொண்டே போய் அறிவிப்பு செய்யும் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார்.

"யாரும் நம்மள விக்கல," என்றார். "சொன்னது என் கால். ஓரின் டேஸ் ஒரு தப்பும் பண்ணல. நான்தான் அவனை அநியாயமா வெரட்டுனேன். எல்லாருக்கும் கேக்குதா? ஓரின் தப்புப் பண்ணல."

அந்த இடத்திலேயே குதிகாலைத் தள்ளிக் காட்டினார், ஒரு தடவைக்கு மூன்று தடவை. ஜனங்கள் பார்த்தார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற தானியக் கிடங்குக்காரர், "காலாம்! நல்ல கதை கட்டுறாரு," என்று முணுமுணுத்தார். பைனாகுலர் கொண்டுவந்தவர் அதை வைத்து எமிலின் காலைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

கெல்லர்காரர்களின் லாரி அதற்குள் கிளம்பிப் போயிருந்தது.

மறுநாள் எமில் என்னை அழைத்தார். தனியாகப் போகப் பயமாக இருந்ததோ என்னவோ. என் காரில் கெல்லருக்குப் போனோம். ஓரின் பங்க்கில் ஒரு டிராக்டருக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தான். அவன் அப்பா எங்களைப் பார்த்ததும் வாசலில் வந்து நின்றார், உள்ளே வா என்று சொல்லவில்லை.

"தப்புப் பண்ணிட்டேன் ஓரின்," என்றார் எமில். "எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். போல்மன்கிட்டயும் பேசிட்டேன். வேலையும் திரும்பத் தர்றேங்கிறாரு. வந்துரு."

ஓரின் கையைத் துணியில் துடைத்தான். "ஒண்ணு சொல்லட்டுமா? இங்க வந்து உன் காலைப் பத்திக் கேள்விப்பட்ட அன்னைக்கு, உனக்குத் தெரிஞ்சேதான் என்னைய மாட்டிவிட்டேன்னு நெனச்சேன். உன் காலை மறைக்க என் தலைய உருட்டிட்டேன்னு. ராத்திரிப் பகலா அதே நெனப்பு. நேத்து உன் மூஞ்சியப் பாத்தப்பதான் தெரிஞ்சுது, நீ வெறும் முட்டாள்னு."

"அது சரிதான்," என்றார் எமில்.

"வேலையும் வேணாம், சேவல் சட்டையும் வேணாம். ஒண்ணு மட்டும் செய். சனிக்கெழம மத்தியானம் உங்க ஊர் காப்பிக்கடைக்கு வரேன். சன்னலோர மேசைல என்கூட உக்காந்து சாப்பிடு. ரோட்டுல போறவன் வர்றவன் எல்லாம் பாக்கட்டும்."

சனிக்கிழமை வந்தான், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை அணிந்து. எமில் முன்பே போய் சன்னலோர மேசையைப் பிடித்து வைத்திருந்தார். கடையில் கூட்டம். நான் உள்மேசையில் இருந்தேன். பெர்னிஸ் இரண்டு தட்டில் இறைச்சியும் முட்டைக்கோசும் கொண்டுவந்து வைத்தாள். முதலில் உப்பை வாங்கினார்கள், கொடுத்தார்கள். பிறகு, கால் வலி எப்படி என்று ஓரின் கேட்டான். எமில் மேசைக்கடியில் குதிகாலை வெளியே தள்ளிக் காட்ட, இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். ஓரினுக்குப் புரையேறி, எமில் அவன் முதுகில் தட்டினார்.

எனக்குப் பின் மேசையில் தானியக் கிடங்குக்காரரும் வெர்னும் உட்கார்ந்திருந்தார்கள்.

"பாரு, பாரு," என்றார் தானியக் கிடங்குக்காரர், குரலைத் தாழ்த்தாமலே. "எப்படி ஒண்ணுமண்ணா உக்காந்து திங்கிறானுங்க. ரெண்டு பேரும் கூட்டுக் களவாணிங்கன்னு நான் அப்பவே சொன்னேன்."

"ஆமா, முதுகுல வேற தட்டுறான்," என்றான் வெர்ன்.

கடை முழுக்க அது கேட்டது. எமிலின் முகம் சிவந்தது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழப் போனார். ஓரின் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தான்.

"உக்காருய்யா. ஆறிடப் போகுது."

நான் என் தட்டையும் காப்பியையும் தூக்கிக்கொண்டு எழுந்து அவர்கள் மேசைக்குப் போனேன். ஓரின் நகர்ந்து இடம் விட்டான். மறுநாள் தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வரும்போதே என் பெயரையும் அவர்களோடு சேர்த்துப் பேசத் தொடங்கியிருந்தார்கள், கெல்லரில் கட்டிக்கொடுத்த என் சித்தி மகளின் பெயரையும்.